பழைய மேசி 35 டிராக்டரின் வால்வு வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்வு வேலை என்றாலே கிரைண்டிங் பேஸ்ட் (வால்வைத் தேய்க்கும் பசை) டப்பாவைத் திறப்பதுதான் என்ற எண்ணம் நம் பட்டறைகளில் ஊறிப்போயிருக்கிறது. ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்று, வால்வைத் தேய், கேஸ்கட்டை மாற்று, மூடு. வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அடுத்த உழவுக்கு முன்பே அதே வெள்ளைப்புகையும், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் அதே தொல்லையும் திரும்ப வந்துவிடும். தேய்ப்பது இந்த வேலையின் கடைசிக் கட்டம். அதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப்போவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு.

மேசி பெர்குசன் 35 டிராக்டரை வைத்தே சொல்கிறேன். பிரிட்டனில் தயாரான இந்த வண்டிக்கு முதலில் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு டீசல் எஞ்சின் இருந்தது. குளிரில் ஸ்டார்ட் ஆக அது படுத்திய பாடு பெயர்பெற்றது. 1959 இல் அதன் இடத்தில் பெர்கின்ஸ் ஏ3.152 வந்தது. மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம். அதாவது சுமார் 2.5 லிட்டர். 1960 இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மேசி பெர்குசனுடன் கைகோத்து உருவாக்கிய 1035 டிராக்டர் இந்த 35 இன் வம்சம்தான். அதனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி நம் ஊர் வண்டிகளுக்கும் பொருந்தும். அளவுகளை மட்டும் உங்கள் எஞ்சினின் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றும் முன்

காம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) இல்லை என்று தெரிந்ததும் ஹெட்டில் கை வைப்பது அவசரம். காற்று எங்கே கசிகிறது என்பதை எஞ்சினே சொல்லும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு, அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைக் காம்ப்ரஷன் முடியும் மேல்நிலைக்குக் கொண்டுவந்து, இன்ஜெக்டர் துளை வழியே கம்ப்ரசர் காற்றைச் செலுத்துங்கள். காற்றின் அழுத்தத்தில் கிராங்க் சட்டென்று சுழலக்கூடும். எனவே வண்டியை கியரில் போட்டு, பிரேக்கையும் பூட்டிவிட்டு, கையை ஃபேனிலிருந்து தள்ளி வையுங்கள். ஏர் கிளீனர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல். ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு வால்வு வேலை மட்டும் செய்வது காசைக் கரைப்பதாகும். மேலே இறுக்கம் கூடியதும் கீழே ஆயில் குடிப்பது அதிகமாகி, பழி மெக்கானிக் மேல் விழும்.

கழற்றும்போது நடக்கும் தவறு, எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டுவது. ஆறு வால்வும், ராக்கர் ஆர்மைத் தள்ளும் கம்பிகளான ஆறு புஷ் ராடும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் தன் இடத்தில், தன் ஜோடியோடு தேய்ந்து பழகியவை. ஓர் அட்டையில் ஆறு ஆறாகத் துளையிட்டு, ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண் எழுதி, வரிசையாகக் குத்தி வையுங்கள். புஷ் ராடை உருவும்போது லேசாகத் தட்டி அசைத்து எடுங்கள். ஆயில் பிசுக்கில், அதன் அடியில் இருக்கும் டேப்பட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றாமல் ஹெட்டைக் கவிழ்த்து மேசையில் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஹெட்டின் மொத்த எடையும் இன்ஜெக்டரின் நாசில் முனையில் விழும்.

கைடு, சீட், வால்வு: இந்த வரிசை மாறக்கூடாது

கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்த வரிசையை மறக்காதீர்கள். கைடு என்பது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்; சீட் என்பது வால்வு தலை வந்து மூடும் வளையம். சீட்டை வெட்டும் கருவியின் நடுத்தண்டு கைடுக்குள்தான் உட்காருகிறது. கைடு தேய்ந்து அகன்றிருந்தால் தண்டு சாயும். சாய்ந்த தண்டு வெட்டும் சீட்டும் சாய்ந்தே அமையும். அப்படி ஒரு சீட்டில் எத்தனை புதிய வால்வைப் போட்டாலும், எவ்வளவு பேஸ்ட் தேய்த்தாலும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வால்வு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் போய் உட்காரும். பழைய கைடோடு முதலில் சீட்டை வெட்டிவிட்டு, புகை நிற்கவில்லை என்று பிறகு கைடு மாற்றினால், வெட்டிய வேலை முழுவதும் வீண். மறுபடியும் சீட்டை வெட்டித்தான் ஆக வேண்டும்.

கைடைச் சோதிக்க ஒரு புதிய வால்வை நுழைத்து, சீட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்து, தலையை அசைத்துப் பாருங்கள். இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும். ராக்கர் ஆர்ம் வால்வைக் கீழே அழுத்தும்போது சற்றே பக்கவாட்டிலும் தள்ளுவதால், கைடு அந்தத் திசையில்தான் அதிகம் தேயும். குறுக்குத் திசையில் இறுக்கமாகவே இருக்கும். குறுக்கே மட்டும் அசைத்துவிட்டு கைடு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது. டயல் கேஜ் வைத்துள்ள லேத் பட்டறை என்றால் ஹெட்டை அங்கேயே கொடுத்துவிடலாம். சுத்தியலும் ஒரு கம்பியும் மட்டும் வைத்துக்கொண்டு கைடு அடிக்கும் இடம் என்றால் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடுவதே நல்லது.

சீட்டை வெட்டும்போது எதிர்த்திசையில் ஒரு தவறு உண்டு. கரும்புள்ளி அத்தனையும் மறையட்டும் என்று வெட்டிக்கொண்டே போனால் வால்வு ஹெட்டுக்குள் புதைந்துவிடும். டீசல் எஞ்சினில் காற்று அடங்கும் இடம் சிறியது. வால்வு தலை கொஞ்சம் உள்வாங்கினாலே அந்த இடம் பெருகி, காம்ப்ரஷன் விழுந்து, காலையில் ஸ்டார்ட் ஆவது கடினமாகும். ஹெட்டின் முகத்தைச் சீவும்போது நேர்மாறாக, வால்வு வெளியே நெருங்கிவந்து பிஸ்டனில் இடிக்கும் அபாயம் இருக்கிறது. சீட் வெட்டினாலும் முகம் சீவினாலும், ஹெட்டின் மேல் ஒரு நேர்ப்பட்டையை வைத்து வால்வு தலையின் ஆழத்தை அளந்து, கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். எல்லை தாண்டிவிட்டதென்றால் புதிய சீட் ரிங் போடுவதே வழி.

இனி தேய்ப்பு. கரடுமுரடான பேஸ்ட்டில் தொடங்கி மணிக்கணக்கில் தேய்த்தால் வால்வின் சாய்ந்த முகத்தில் ஒரு பள்ளம் விழும். பிறகு சூட்டில் வால்வு விரியும்போது அந்தப் பள்ளம் சீட்டோடு பொருந்தாது. சீட்டும் வால்வும் சரியாக வெட்டப்பட்டிருந்தால் மென்மையான பேஸ்ட்டும் ஒரு நிமிட நேரமும் போதும். டிரில் மெஷினில் வால்வை மாட்டி முழுச் சுற்றாகச் சுழற்றுவதை அடியோடு விட்டுவிடுங்கள். அது வட்ட வட்டமாகக் கீறல் போடும். உள்ளங்கைகளுக்கு நடுவே வால்வைப் பிடித்திருக்கும் கோலை வைத்து, மத்தால் தயிர் கடைவதைப்போல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். நாலைந்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கால் சுற்று திருப்பி மறுபடி வைக்க வேண்டும். முடிவில் எங்கும் அறுபடாத, ஒரே அகலமுள்ள மங்கிய சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கியிருந்தால் வால்வு வளைந்திருக்கிறது, அல்லது சீட் சாய்ந்திருக்கிறது. அதைப் பேஸ்ட்டால் சரிசெய்ய முடியாது.

அந்த வளையம் மெல்லிய கோடாக இருந்தால்தான் இறுக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் பெரும்பங்கு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கும், அங்கிருந்து தண்ணீருக்கும் போகிறது. தொடும் பரப்பு மிகக் குறைந்தால் சூடு இறங்க வழியில்லாமல் வால்வு கருகும். மிக அகன்றாலோ கரி நசுங்காமல் இடையில் தங்கும். கையேடு சொல்லும் அகலத்தில் நிறுத்துங்கள்.

தேய்த்து முடித்ததும் பேஸ்ட்டைத் துணியால் துடைத்தால் போதாது. கைடின் உட்புறத்தை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவ வேண்டும். உள்ளே தங்கும் பேஸ்ட் புதிய கைடையும் சில வாரங்களில் தின்றுவிடும். பிறகு வால்வுகளை ஸ்பிரிங்கோடு பூட்டி, போர்ட்டுகளில் (காற்றும் புகையும் போகும் வழிகளில்) மண்ணெண்ணெய் ஊற்றி, சிறிது நேரம் விட்டு, சீட் ஓரத்தில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள்.

ஸ்பிரிங்கை மட்டும் பழையதே போதும் என்று விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. புதிய ஸ்பிரிங் பக்கத்தில் நிறுத்தி உயரத்தைப் பாருங்கள், குட்டையாகிவிட்டதைப் போடாதீர்கள். ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாக இருந்தால் அந்த முனை ஹெட் பக்கம் வர வேண்டும்.

மூடும்போது

பழைய கேஸ்கட்டை மறுபடி போடுவது, மேல்பக்கக் குறியைக் கவனிக்காமல் திருப்பிப் போடுவது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை உணர்வில் இறுக்குவது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த தவறுகள்தான். நடுவிலிருந்து வெளியே, மூன்று நான்கு கட்டமாக இறுக்குங்கள்.

வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே இடைவெளி வைக்கும் டேப்பட் செட்டிங்தான் இந்த எஞ்சினில் பலரை ஏமாற்றும் இடம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் பழகியவர்கள், நான்காவது சிலிண்டரின் இரு வால்வும் ஒன்று மூட ஒன்று திறக்க ஆடும்போது முதல் சிலிண்டருக்கு இடைவெளி வைப்பார்கள். அங்கே அது சரி, ஏனென்றால் அந்த இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே மேலேறி இறங்குகின்றன. மூன்று சிலிண்டரில் அப்படி ஜோடி கிடையாது. 1, 2, 3 என்ற வரிசையில் 240 டிகிரிக்கு ஒன்றாக எரிகின்றன. ஒரு சிலிண்டர் ஆடும் நிலையில் இருக்கும்போது மற்ற இரண்டும் மேல்நிலையில் இருப்பதில்லை; அவற்றின் வால்வுகளில் சில திறந்தோ, திறக்கத் தொடங்கியோ இருக்கும். அங்கே வைக்கும் இடைவெளி பொய்யான இடைவெளி. பாதுகாப்பான வழி இதுதான்: எந்தச் சிலிண்டருக்கு வைக்க வேண்டுமோ அதே சிலிண்டரின் வால்வுகள் ஆடும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து கிராங்கைச் சரியாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இப்போது அதன் இரண்டு வால்வும் முழுமையாக மூடியிருக்கும். ஏ3.152க்கு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 12 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.30 மில்லிமீட்டர், சூட்டில் 10 தௌ, 0.25 மில்லிமீட்டர்.

டக் டக் சத்தம் பிடிக்காமல் இடைவெளியைக் குறைத்து வைப்பவர்களை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். கொஞ்சம் கூடுதலான இடைவெளி சத்தம் போட்டு எச்சரிக்கும். குறைவான இடைவெளியோ சத்தமில்லாமல் வால்வை முழுதாக மூடவிடாமல் செய்து, எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தைத் தின்றுவிடும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாகக் கருவிகளைக் கழுவி வைத்துவிடாதீர்கள். புதிய கேஸ்கட் சூட்டில் அமுங்கும்; ஹெட்டும் அதனோடு ராக்கரும் கீழே இறங்க, புஷ் ராடு நீளம் மாறாததால் டேப்பட் இடைவெளி குறையும். புதிதாகத் தேய்த்த வால்வும் சீட்டில் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து அதே பக்கம் தள்ளும். கையேடு சொல்லும் மணிநேரம் ஓடியதும் ராக்கர் மூடியைத் திறந்து, முதலில் ஹெட் நட்டுகளை அதே வரிசையில் மறுபடி இறுக்குங்கள். ஆறு இடைவெளிகளையும் அதன் பிறகுதான் பார்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால், வைத்த இடைவெளி நட்டை இறுக்கும்போதே கலைந்துவிடும்.