7-ஸிப்: சோதிக்காமல் அசலை அழிக்காதீர்கள்

கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளான 7-ஸிப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் வரிசையாக ஒரே பள்ளத்தில் விழுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஜேபெக் படங்களும் எம்பி4 வீடியோக்களும் மேலும் சுருங்காது என்பதை யாரும் ஒரு முறை முயன்றாலே தெரிந்துகொள்வார்கள். அதை விட்டுவிட்டு மற்ற தவறுகளைப் பார்ப்போம்.

சோதிக்காமல் அசலை அழிப்பது

வழக்கமாக நடப்பது இது. 60 ஜிபி ஃபோல்டரை 7-ஸிப்பின் சொந்த வடிவமான 7இசட்டில் சுருக்குகிறார்கள். சுருக்கியதும் அசலை நீக்கும் 'டிலீட் ஃபைல்ஸ் ஆஃப்டர் கம்ப்ரெஷன்' பெட்டியிலும் டிக் போட்டுவிடுகிறார்கள். வெளி ஹார்ட் டிஸ்குக்கு நகர்த்தி, எஜெக்ட் செய்யாமல் கேபிளை உருவுகிறார்கள். பல மாதம் கழித்துத் தேவைப்படும்போது அந்த ஆர்க்கைவ் (சுருக்கிய கோப்பு) திறக்கவே மறுக்கிறது.

காரணம் வடிவத்திலேயே இருக்கிறது. 7இசட்டில் கோப்புப் பட்டியல் கடைசியில் எழுதப்படுகிறது. தொடக்கத்தில் அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே. வால் அறுந்தால், முக்கால்வாசித் தரவு பத்திரமாக இருந்தும் உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

வால் தப்பினாலும் இன்னொரு ஆபத்து உண்டு. 7இசட் இயல்பாகவே 'சாலிட்' முறையில் பல கோப்புகளை ஒரே தொடராக, அதாவது ஒரு பிளாக்காக, இணைத்துச் சுருக்குகிறது. நன்றாகச் சுருங்குவது அதனால்தான். ஆனால் டிஸ்கில் ஒரு செக்டர் (சிறு பகுதி) கெட்டால், அந்தக் கோப்போடு அதே பிளாக்கில் அதற்குப் பின்னால் இருப்பவையும் போகும். பிளாக் அளவோ பெரும்பாலும் ஜிபி கணக்கில். ஸிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருங்குவதால் சேதம் பெரும்பாலும் ஒரு கோப்போடு நின்றுவிடும்.

இதைத் தவிர்க்க ஆகும் வேலை மிகக் குறைவு. அதனால்தான் இந்தத் தவறு இன்னும் எரிச்சலூட்டுகிறது. நெடுநாள் வைக்கும் பேக்கப்புக்கு 'சாலிட் பிளாக் சைஸ்' பட்டியலில் 64 எம்பி அல்லது 'நான்-சாலிட்' தேர்ந்தெடுங்கள். நகலெடுத்த பிறகு டிஸ்கை எஜெக்ட் செய்து, மறுபடி செருகி, அதில் இருக்கும் நகலின் மேல் ரைட் கிளிக் செய்து 'டெஸ்ட் ஆர்க்கைவ்' கொடுங்கள். கழற்றிச் செருகாமல் சோதித்தால் நினைவகத்தில் தங்கியிருக்கும் பிரதியையே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். இந்தச் சோதனை ஒவ்வொரு கோப்பையும் விரித்து, சுருக்கும்போது பதிந்துவைத்த சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடும். பிழை இல்லை என்று வந்த பிறகே அசலைத் தொடுங்கள்.

சிஆர்சி சேதத்தைக் காட்டும், சரிசெய்யாது. ரார் வடிவத்தில் இருப்பதுபோன்ற மீட்புப் பதிவு 7இசட்டில் கிடையாது. முக்கியமான ஆர்க்கைவுக்குப் பார்2 என்ற தனிக் கருவியால் ஆர்க்கைவ் அளவில் 10 சதவீத மீட்புக் கோப்புகள் செய்து கூடவே வையுங்கள். அந்த அளவுக்குள் அடங்கும் சேதத்தை அதைக்கொண்டு சரிசெய்யலாம்.

லினக்ஸ் பேக்கப்புக்கு நேரடியாக 7இசட்

கோப்பின் உரிமையாளர், குழு விவரங்களை 7இசட் சேமிப்பதில்லை. ஹோம் ஃபோல்டரை அப்படி மீட்டால் எல்லாம் விரித்தவர் பெயரில் வந்து நிற்கும். சர்வரில் என்றால் சேவைகளே எழும்பாமல் போகலாம். முதலில் அந்த விவரங்களோடு கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார், அதன் மேல் சுருக்குவதற்கு எக்ஸ்இசட் அல்லது இசட்ஸ்டாண்டர்ட் பயன்படுத்துங்கள்.

கடவுச்சொல் போட்டும் கோப்புப் பெயரை மறைக்காதது

'என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்' டிக் இல்லையென்றால் பெயர்ப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும்.

ஸிப்புக்கு ஸிப்கிரிப்டோ

ஸிப் கோப்புக்குக் கடவுச்சொல் போடும் இந்தப் பழைய குறியாக்க முறை பலவீனமானது. ஏஇஎஸ்-256 என்ற வலுவான முறைக்கு மாற்றுங்கள்.

பழைய பதிப்பிலேயே இருப்பது

7-ஸிப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது. ஆர்க்கைவுக்குள் ஆர்க்கைவ் வைத்து, இணையத்திலிருந்து வந்த கோப்பு என்ற விண்டோஸ் அடையாளத்தைத் தவிர்க்கவிட்ட ஓட்டை 24.09 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. 'ஹெல்ப்' மெனுவில் உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.