பின்லாந்தில் வீடு பார்க்கிறீர்களா? வெளிச்சுவரிலிருந்து தொடங்குங்கள்

எஸ்போவுக்கோ வந்தாவுக்கோ ஊலுவுக்கோ வேலைக்கு வந்து, இரண்டு மூன்று குளிர்காலங்களை வாடகை வீட்டில் கழித்த பிறகு நம்மவர்களுக்குச் சொந்த வீட்டு ஆசை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வீடு பார்க்கப் போகிறோம். நேராக உள்ளே போய்ச் சமையலறை, சவுனா, அலமாரி எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறோம். வெளியே வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். இப்போது யார் கேட்டாலும் முதல் அரைமணி நேரத்தை வெளியே செலவிடச் சொல்கிறேன். இந்த நாட்டில் வீட்டின் ஆயுளை அதன் வெளிச்சுவர்தான் தீர்மானிக்கிறது.

நம் ஊரில் சுவர் என்றால் செங்கல், அதன்மேல் சிமெண்டுப் பூச்சு, அதன்மேல் வண்ணம். எல்லாம் ஒட்டிய ஒரே கட்டி. இங்கே சுவர் என்பது அடுக்கடுக்காகப் போட்ட குளிர்கால உடை. உள்பக்கத்திலிருந்து எண்ணினால் முதலில் ஜிப்சம் பலகை, அதன் பின்னால் நீராவித் தடுப்புத் தாள், பிறகு மரச்சட்டங்களுக்கு நடுவே திணித்த கனிமக் கம்பளி, அதற்கு வெளியே காற்றுத் தடுப்புப் பலகை. அதன் பிறகு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெற்றிடம். கடைசியாகத்தான் நம் கண்ணில் படும் மரப்பலகையோ செங்கலோ வருகிறது. அந்த வெற்றிடத்துக்குப் பின்னிஷ் மொழியில் ‘தூலெதுஸ்ரகோ’ என்று பெயர். வீடு வாங்கப் போகிறவர் முதலில் கற்க வேண்டிய சொல் இதுதான் என்பேன்.

அதை நான் தவறு செய்துதான் கற்றேன். குடிபுகுந்த முதல் இலையுதிர் காலத்தில், பலகைச் சுவரின் அடிவிளிம்பில் விரலை வைத்தபோது மேல்நோக்கிச் சில்லென்று காற்று போவது தெரிந்தது. இந்த வழியாகத்தான் குளிர் உள்ளே வருகிறது என்று முடிவுகட்டி, கடையில் நுரை வாங்கிவந்து ஒரு பக்கச் சுவரின் அடி முழுவதையும் அடைத்தேன். பக்கத்து வீட்டு முதியவர் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பின்லாந்துக்காரர்கள் கேட்காமல் அறிவுரை சொல்லும் வழக்கமில்லை. ஆனாலும் அன்று அவர் வேலியைச் சுற்றி நடந்து வந்தார். கையில் ஒரு கத்தி இருந்தது. என் அனுமதியைக் கேட்டுவிட்டு, நான் ஒட்டிய நுரையை அறுத்து எடுக்கத் தொடங்கினார். சுவர் மூச்சுவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அன்று மாலை முழுவதும் இருவரும் மண்டியிட்டு அதை அகற்றினோம்.

அவர் சொன்னதன் காரணம் எளியது. இலையுதிர்கால மழை இங்கே நேராக விழுவதில்லை. கடலோர ஊர்களில் காற்றோடு சாய்ந்து வந்து சுவரில் அறையும். எவ்வளவு நெருக்கமாகப் பலகை அடித்தாலும் கொஞ்சம் நீர் பின்னால் போகத்தான் செய்யும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 21 டிகிரி, வெளியே மைனஸ் 20. நாம் சமைத்த ஆவியும் குளித்த ஈரமும் வெளிப்பக்கம் நோக்கி நகரும். இந்த இரண்டு ஈரத்தையும் காயவைப்பது அந்த இடைவெளியில் கீழிருந்து மேலாக ஓடும் காற்று. அதை அடைத்தால் பலகை பின்பக்கமிருந்து அழுகும், பூஞ்சை பிடிக்கும். எலி நுழையும் என்ற பயம் இருந்தால் அடியில் கம்பி வலை இருக்கிறதா என்று பாருங்கள். வலைதான் அதற்குச் சரியான தீர்வு. நுரையோ சிமெண்டோ எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

அடுத்து, சுவர் தரையைத் தொடும் இடம். வீட்டின் அடியில் தெரியும் கான்கிரீட் பீடத்துக்குச் ‘சொக்கெலி’ என்று பெயர். மரப்பலகை தரையிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்க வேண்டும். உருகும் பனியும் தெறிக்கும் மழையும் பலகையைத் தொடாதிருக்கத்தான் இந்த உயரம். பூச்செடி வைப்பதற்காக மண்ணைக் கொட்டி உயர்த்திய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்; பலகை மண்ணில் புதைந்து கிடக்கும். வீட்டைச் சுற்றியுள்ள நிலம் முதல் மூன்று மீட்டருக்குள் ஏறத்தாழ 15 சென்டிமீட்டராவது வெளிநோக்கிச் சரிய வேண்டும்.

1960களிலிருந்து 80கள் வரை கட்டிய வீடென்றால் ‘வலெசொக்கெலி’ இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பொய்ப் பீடம் என்று பொருள். வெளியிலிருந்து பார்த்தால் பீடம் உயரமாகத் தெரியும். உள்ளேயோ சுவரின் மரச்சட்டம் அந்தக் கான்கிரீட்டுக்குப் பின்னால் தரைமட்டம் வரை இறங்கியிருக்கும். ஈரம் ஏறி மரம் கெடும், வெளியே எதுவும் தெரியாது. வல்லுநர்கள் இதை அபாயக் கட்டமைப்பு என்றே வகைப்படுத்துகிறார்கள். அதனாலேயே வாங்கக் கூடாது என்றில்லை. பலர் அதைத் திறந்து சரிசெய்து நன்றாக வாழ்கிறார்கள். ஆனால் ‘குந்தொதர்கஸ்துஸ்’ எனப்படும் வீட்டுப் பரிசோதனையில் அந்த இடத்தைத் திறந்து பார்த்தார்களா என்பதைத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள். தனி வீட்டில் மறைந்திருந்த குறைகளுக்கு விற்றவரின் பொறுப்பு ஐந்து ஆண்டு. குடியிருப்பை நடத்தும் வீட்டுவசதி நிறுவனத்தின் பங்காக வாங்கும் வீடுகளுக்கு இரண்டே ஆண்டு.

வீட்டின் வயது தெரிந்தால் சுவரைப் பாதி அறிந்த மாதிரி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, திரும்பிவந்த வீரர்களுக்கும் சோவியத் ஒன்றியத்திடம் இழந்த கரேலியாவிலிருந்து இடம்பெயர்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குமாகக் கட்டியவை ‘ரிந்தமமியெஸ்தலோ’ வீடுகள். ஒன்றரை மாடி, செங்குத்தான கூரை, நடுவே புகைபோக்கி, சுவருக்குள் மரத்தூள். எளிமையும் அளவும் ஒன்றுசேர்ந்த அழகு அது. எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த வீடு. அந்தச் சுவரில் உள்ளே வரும் ஈரம் தானே வெளியேறிவிடும். பின்னாளில் யாராவது அதன்மேல் நெகிழித் தாளோ தகடோ மூடியிருந்தால்தான் கவலை. 70களின் செங்கல் வீடுகளைப் பார்த்து நம்மவர்கள் நிம்மதியடைகிறார்கள்: செங்கல்தானே, உறுதி! அந்தச் செங்கல் பெரும்பாலும் வெளியே நிறுத்திய ஒரு வரிசை மேலாடைதான். கூரையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரம். செங்கலுக்குப் பின்னாலும் இடைவெளி உண்டு. அடி வரிசையில் சில இணைப்புகளைக் கலவை பூசாமல் திறந்து விட்டிருப்பார்கள்; அவற்றை விரிசல் என்று நினைத்துப் பூசிவிடாதீர்கள்.

1994க்கு முன் கட்டிய வீட்டில் சாம்பல் நிற சிமெண்டுத் தகடுகள் சுவரில் பதித்திருந்தால், அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பெயர்க்கும் முன் கல்நார் ஆய்வு சட்டப்படி கட்டாயம். பெயர்ப்பதும் உரிமம் பெற்றவர்களின் வேலை. பணத்தை மிச்சப்படுத்த வேண்டிய இடம் இதுவல்ல.

வழவழப்பான கல்லையும் பூச்சையும் விரும்புகிறவர்களுக்கு ஹெல்சிங்கியின் பின்லாந்தியா மண்டபத்தைக் காட்டுவேன். அல்வார் ஆல்த்தோ வடிவமைத்து 1971இல் திறந்தது. இத்தாலியின் கராரா பளிங்கு பதித்த அதன் சுவர், வெப்பமும் குளிரும் மாறி மாறித் தாக்கியதில் பலகை பலகையாக வளைந்தது. 1990களின் இறுதியில் மறுபடியும் கராராவே பதித்தார்கள், அதுவும் வளைந்தது. 2025இல் மீண்டும் திறந்தபோது லாசா என்ற வேறு பளிங்கு வந்திருந்தது. உறைவதும் உருகுவதுமாகப் பூஜ்ஜியத்தைச் சுற்றியே ஊசலாடும் தென்கரையின் குளிர்காலம், வடக்கின் நிலையான கடுங்குளிரைவிடக் கல்லையும் கான்கிரீட்டையும் அதிகம் வதைக்கிறது.

இப்போது சிவப்பு. போர்வோ ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் சிவப்புக் கிடங்குகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவின் வருகைக்காக அவற்றுக்கு அந்த நிறம் பூசியதாகச் சொல்வார்கள். அந்த வண்ணத்தின் பெயர் ‘புனமுல்த்தா’, அதாவது செம்மண். பொருத்தமான பெயர்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அன்னபேதி உப்பைக் கரைத்து, கோதுமைபோன்ற ரை தானிய மாவைத் தூவி, இரும்புச் செம்மண் பொடியைச் சேர்த்துக் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். பக்கத்து வீட்டு முதியவர் தோட்டத்தில் பீப்பாய் வைத்துக் காய்ச்சிய நாளில் நானும் துடுப்புப் பிடித்தேன். கட்டி தட்டாமல் அடிபிடிக்காமல் கிளறுவது எனக்குப் புதிதில்லை. அம்மா கேழ்வரகுக் கூழ் காய்ச்சும்போது நின்று பார்த்த கைதான். மார்கழியில் கோலத்தைச் சுற்றி இடும் காவியின் அதே நிறம் இங்கே மரச்சுவரில் ஏறுகிறது.

இந்த வண்ணம் மரத்தின்மேல் தோலாகப் படியாது. ஈரம் உள்ளேயும் வெளியேயும் போய்வரும். உரசினால் துணியில் சிவப்பு ஒட்டும், அது குறையல்ல. மங்கினால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு அதன்மேலேயே பூசலாம். ஆனால் புனமுல்த்தா பூசிய சுவரில் நவீன லேட்டெக்ஸ் வண்ணம் பூசவே கூடாது. அது பிடிக்காது, தோலாக உரிந்து, உரியும் முன் ஈரத்தையும் சிறைப்படுத்தும். உங்கள் சுவரில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கை சிவந்தால் விடை கிடைத்துவிட்டது.

நிறம் மாற்ற ஆசைப்பட்டால் வாளியை வாங்கும் முன் நகராட்சியின் கட்டுமானக் கண்காணிப்பு அலுவலகத்தைக் கேளுங்கள். அதன் பெயர் ‘ரகென்னுஸ்வல்வொன்தா’. பகுதித் திட்டமான ‘அசெமகாவா’ சில தெருக்களில் சுவரின் பொருளையும் நிறத்தையும்கூட வரையறுக்கிறது. 2025 ஜனவரியில் புதிய கட்டுமானச் சட்டம் வந்திருப்பதால், நண்பர் முன்பு செய்ததை நம்பி இறங்காதீர்கள். வரிசை வீடாக இருந்தால் வெளிச்சுவர் உங்களுடையதே அல்ல, ‘தலொயுஹ்தியோ’ எனப்படும் வீட்டுவசதி நிறுவனத்துடையது; அவர்கள் முடிவின்றி ஒரு பலகையைக்கூட மாற்ற முடியாது.

சுவரில் துளை போடுவதிலும் கவனம் வேண்டும். பொங்கலுக்குத் தோரணம் கட்ட ஆணி அடிப்பதானால் துருப்பிடிக்காத எஃகு ஆணியைப் பயன்படுத்துங்கள். சாதாரண ஆணி ஒரே ஆண்டில் கருப்புக் கோடு வடித்துவிடும். வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பு பொருத்துபவர் நீராவித் தடுப்புத் தாளைக் கிழித்த இடத்தை மறுபடி ஒட்டுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வெளி இயந்திரத்தை மரச்சுவரில் மாட்டினால் அதிர்வு வீடெங்கும் கேட்கும். கான்கிரீட் பீடத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.

வண்ணம் பூசும் வேலைக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் காலம். வெப்பம் 5 டிகிரிக்கு மேலும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். வெயில் நேராக விழும் சுவரில் பூசினால் வண்ணம் காய்வதற்குள் சுருங்கும். எனவே காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர் என்று நிழலைப் பின்தொடர்ந்து போங்கள். பனித்துளி இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தூரிகையைக் கழுவிவிடுங்கள். தெற்குச் சுவர்தான் முதலில் வெளுக்கும். வீடு பார்க்கப் போகிற அன்று சுற்றி நடக்கத் தொடங்க வேண்டிய பக்கமும் அதுவே.