கேம் கடையை ஒன்லைனில் போடுகிற தம்பிமாருக்கு: நான் விட்ட பிழைகள்

போன கிழமை கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி தன் புதுக் கடையின் லிங்கை அனுப்பி, "அண்ணை, ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றான். கேம் டிஸ்க், கேம் கணக்கில் காசு ஏற்றுகிற கோட் உள்ள கிஃப்ட் காட், கொன்ட்ரோலர் விற்கிற கடை. பார்த்தால், ஆறு வருசத்துக்கு முதல் நான் போட்ட கடையைத் தூசு தட்டி வைத்ததுபோல இருந்தது. பிழைகள்கூட அதே இடத்தில். பட்டன் சின்னது, படம் மங்கல் என்பதையெல்லாம் ஒரு மாதத்தில் அவனே கண்டுபிடிப்பான். காசைத் தின்கிற பிழைகளை மட்டும் எழுதுகிறேன்.

நாட்டைக் கேட்காமல் காட் விற்பது

இதை நினைத்தால் இப்பவும் எரிச்சல்தான்.

பிளேஸ்டேசன் என்ற கேம் மெசினுக்கு (கொன்சோல்) கணக்குத் திறக்கும்போது ஒரு நாட்டைத் தெரிவுசெய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. தெரிவுசெய்த நாட்டைப் பிறகு மாற்றவும் ஏலாது. கணக்கு எந்த நாடோ, அந்த நாட்டுக் காட் மட்டும்தான் அதில் ஏறும். எங்கட ஊரில் கொன்சோலை அனுப்பியவர் இருக்கிற நாடே பெரும்பாலும் கணக்கின் நாடு. ரொறன்ரோச் சித்தப்பா என்றால் கனடா, லண்டன் மாமா என்றால் பிரித்தானியா. ஆருமில்லாமல் கடையில் வாங்கியவனுக்குக் கடைக்காரர் அமெரிக்காவைப் போட்டுக் கொடுத்திருப்பார். ஒரே ஒழுங்கைக்குள் மூன்று நாடு.

நான் கொம்பியூட்டர் கேம் பக்கத்தில் இருந்து வந்தவன். கொம்பியூட்டர் கேம் விற்கிற ஸ்டீம் தளத்தின் வாலட் கோட் வேறு நாணயத்தில் இருந்தாலும் பெரும்பாலும் மாற்றி ஏற்றிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் "20 டொலர் காட்" என்று பெரிதாகப் போட்டுவிட்டேன். அமெரிக்கக் கணக்குக்கு மட்டும் என்பது விவரத்தின் அடியில், ஆறாவது வரியில், ஆங்கிலத்தில் கிடந்தது. நல்லூர்த் திருவிழா நேரம், இரவு பத்தரைக்கு போன் வந்தது.

"அண்ணை, காட் வேலை செய்யேல்லை."

"எந்த நாட்டு அக்கவுண்ட், தம்பி?"

"பிளேஸ்டேசன் அக்கவுண்ட் அண்ணை."

கனடாக் கணக்கு. டொலர் என்றால் டொலர்தானே என்று வாங்கியிருக்கிறான். "கீழே போட்டிருக்கிறன்தானே, வாசிக்கேல்லையோ?" என்று அவனோடு சண்டை பிடித்தேன். ஒருக்கா வெளியே காட்டிவிட்ட காட் கோட் ஒன்றை மொத்த வியாபாரி திருப்பி எடுக்கமாட்டார், காசு என் தலையில். அதே மாதம் இன்னும் இரண்டு பேர் அதேபோல வந்த பிறகுதான், பிழை வாசிக்காதவனில் இல்லை, என் பக்கத்தில்தான் என்று உறைத்தது. கொக்குவில் தம்பியிடம் இதைச் சொன்னால் அவனும் அதையே சொல்கிறான்: "அண்ணை, கீழே போட்டிருக்கிறன்தானே!"

கீழே போடாதீங்கோ. காட்டின் பெயரில் முதல் சொல்லே நாடாக இருக்கட்டும். நாட்டைத் தெரிவுசெய்த பிறகுதான் வாங்கும் பட்டன் வரவேண்டும். எந்த நாட்டையும் முன்கூட்டியே தெரிவுசெய்து வைக்காதீங்கோ. நாடுகளுக்குப் பக்கத்தில் "தெரியாது" என்றும் ஒரு பட்டன் வேண்டும். அது இல்லாவிட்டால் தெரியாதவன் அமெரிக்காவை அமத்துவான். "தெரியாது" என்பதை அமத்தினால், கணக்கின் நாட்டை எங்கே பார்ப்பது என்று இரண்டு படத்தில் காட்டுங்கோ.

டிஸ்கிலும் இதே வில்லங்கம் வேறு உருவத்தில் இருக்கிறது. பிளேஸ்டேசன் 5 (பிஎஸ்5) டிஸ்க் எந்த நாட்டு மெசினிலும் ஓடும். ஆனால் அந்தக் கேமுக்குப் பிறகு வாங்குகிற மேலதிகப் பகுதிகள், டிஸ்க் ஒரு பிராந்தியமும் கணக்கு வேறு பிராந்தியமுமாக இருந்தால் பொதுவாகச் சேராது. நெட்டில் எடுத்த அமெரிக்க அட்டைப் படத்தைப் போட்டுவிட்டு ஐரோப்பிய டிஸ்கை அனுப்பினால் வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? கையில் இருக்கிற பெட்டியைப் படம் எடுங்கோ. அட்டையில் வயதெல்லையை எண்ணில் போட்ட ஐரோப்பிய பெகி முத்திரையா, எழுத்தில் போட்ட அமெரிக்க ஈஎஸ்ஆர்பி முத்திரையா என்பது தெளிவாகத் தெரியவேண்டும்.

பீஃபா என்று தேடினால் ஒன்றும் வராதது

ஈஏ நிறுவனம் தன் உதைபந்தாட்ட கேமை அந்தப் பெயரில் கடைசியாக விட்டது பீஃபா 23. 2023இல் இருந்து பெயர் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி. பெடியள் இன்னும் பீஃபா என்றுதான் அடிக்கிறாங்கள். ஜீ.ரீ.ஏ. 5 என்று அடிப்பவனுக்கு, கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ என்ற முழுப் பெயரும் ரோமன் எண்ணுமாக நீங்கள் பதிந்து வைத்த கேம் அகப்படாது. ஆக்கள் கூப்பிடுகிற பெயர்களையும் தேடலில் சேர்த்துவிடுங்கோ. அரை நாள் வேலை.

டிஸ்க் போட வழியில்லாத பிஎஸ்5

டிஸ்க் வாங்குகிறவனிடம், அவனுடைய மெசின் இந்த டிஜிட்டல் எடிஷனா என்று காசு வாங்க முன்னம் கேளுங்கோ.

முடிவுத் திகதி இல்லாத விலை

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதம் 360 அளவுக்குப் போனது. பழைய விலைக்கு முன்பதிவு எடுத்து வைத்திருந்த எனக்கு அந்த மாதங்களில் நித்திரை இல்லை. விலைக்குப் பக்கத்தில், அது எப்ப வரைக்கும் செல்லும் என்று போடுங்கோ.

சிலிப்

பாங்கில் காசு போட்டு சிலிப்பை வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு ஓடர் இலக்கமும், கோட் எத்தனை மணிக்குள் வரும் என்ற ஒரு வரியும் வேண்டும். அது இல்லாத காலத்தில் "கிடைச்சுதோ அண்ணை?" என்ற ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் எழுதினேன்.

ட்ரெய்லர்

தானாக ஓடவிடாதீங்கோ. கொக்குவில் தம்பியின் பக்கத்தைத் திறந்த உடனே அது போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா எழும்பிவிட்டா.