நாகமரத்துக்கு இளஞ்சிவப்பு, காட்டுக்கோழிக்கு மஞ்சள்

பிள்ளைக்கு இலங்கையின் தேசியச் சின்னங்களைச் சொல்லிக் கொடுக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் கண்ணில் பிடிபடும் ஒரேயொரு அடையாளத்தை மட்டும் சொல்லுங்கள். பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

தேசிய மரமான நாகமரத்துக்குத் தளிர்: உச்சியிலே கொத்தாக இளஞ்சிவப்பில் தொங்கும், முற்றிய இலையோ கரும்பச்சை. கொழும்பில் விகாரை வளவுகளில் தேடினால் எங்காவது ஒன்று அகப்படும். பஸ்ஸில் போகும்போதே பிள்ளை கண்டுபிடித்துவிடும். தேசிய மலரான நீலோற்பலம் என்ற அல்லிக்கு இதழின் நிறம், வெளிர்நீலம். பௌர்ணமிப் போயாவுக்குப் பூக்கடைகளில் வரும் கடும் ஊதாப் பூ பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த இனம். இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. பூவைக் காலையிலேயே காட்டிவிடுங்கள், பின்னேரம் இதழ் மூடிவிடும். தேசியப் பறவையான காட்டுக்கோழிச் சேவலுக்குச் சிவப்புக் கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு. வீட்டுச் சேவலுக்கு அது கிடையாது.

தேடிக் கண்டுபிடித்தது மனதில் நிற்கும், கொப்பியில் பார்த்து எழுதியது சோதனை முடிந்ததும் போய்விடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

காட்டுக்கோழிக்கு மட்டும் கொழும்புத் தெரு உதவாது. யால, சிங்கராஜக் காட்டுப் பக்கம் போகும்வரை படந்தான். ரூபாய்த் தாளைக் காட்டிச் சமாளிக்கவும் முடியாது: ஆயிரம் ரூபாய்த் தாளில் இருப்பது ஒரு குட்டிக் கிளி, தேசியப் பறவை இல்லை. நாளைக்கே தரம் 5 புலமைப்பரிசில் சோதனை என்றால் இந்த வழி வேண்டாம், பேசாமல் பாடமாக்க விடுங்கள்.