பழைய ஜீப்பைப் பட்டறையில் விடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஏதாவது ஒரு பட்டறையின் பின்பக்கம் புதுப்பிக்க விட்டு, பாதியில் நின்றுபோன ஒரு ஜீப் கிடக்கும். சேசிஸ் எனும் அடிச்சட்டம் செங்கல் மேல், தொட்டி எனும் தகட்டு உடல் சுவரோரம், இன்ஜின் தார்ப்பாய்க்குள். "பணத்தை வாங்கிக்கொண்டு இழுத்தடிக்கிறார்" என்பார் உரிமையாளர். "என்ன வேணும்னு அவருக்கே தெரியல சார், வாராவாரம் ஒண்ணு சொல்றாரு" என்பார் பட்டறைக்காரர். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் வேலை நின்றுபோவது பெரும்பாலும் இரண்டாவது காரணத்தால்தான்.

நம் பக்கம் பழைய ஜீப் என்றால் அநேகமாக மகிந்திராவின் சி.ஜே.3பி, அல்லது அதன் வழிவந்த எம்.எம்.540. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் 'கால் டன் டிரக்' என்று வகைப்படுத்தி ஓட்டிய வண்டிதான் இவற்றின் மூதாதை. அமெரிக்க நிறுவனமான வில்லிஸ் 1953இல் கொண்டுவந்த சி.ஜே.3பியில் ஹரிக்கேன் என்ற 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் இருந்தது. இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் அமைந்ததால் இன்ஜினின் உயரம் கூடியது. பானெட்டையும் தூக்கிவைக்க வேண்டியதாயிற்று. அந்த உயர்ந்த பானெட்தான் இந்த வண்டியின் அடையாளம்.

இதைத் தெரிந்துகொள்ளாமல், "ஒரிஜினலா பண்ணிக்குடுங்க" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு வருவதுதான் முதல் தவறு. எந்த ஒரிஜினல்? பெட்ரோல் செலவுக்குப் பயந்து வெளிப் பட்டறைகளில் டீசல் இன்ஜின் மாட்டப்பட்ட ஜீப்புகள் ஏராளம். கம்பெனியிலிருந்தே டீசலோடு வந்தவையும் உண்டு. முதலில் இன்டர்நேஷனல் இன்ஜின், பின்னாளில் பெஜோ எக்ஸ்.டி.பி. உங்களிடம் இருப்பது எது, அதை எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள், தோட்டத்துக்கு ஓட்டவா, ஞாயிற்றுக்கிழமை மலையேறவா, கண்காட்சியில் நிறுத்தவா? பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக், அகல டயர் என்று பாதியில் ஆசை கூடினால், ஏற்கெனவே முடித்த வேலையைப் பிரிக்க வேண்டிவரும். பிரிக்கிற கூலியும் உங்கள் கணக்குதான். ஒரு பக்கத் தாளில் எழுதி, பட்டறைக்காரரும் நீங்களும் கையெழுத்துப் போட்டுக்கொள்வதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.

அடுத்தது காகிதம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வண்டியே முடிந்து ஜொலிக்கும்போதுதான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ.வின் ஒப்புதல் வேண்டும். பெயிண்ட் நிறம் மாறினால்கூட ஆர்.சி.யில் ஏற வேண்டும். ஆகவே ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் மேலே தாளை வைத்துத் தேய்த்து, பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராத வண்டியில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம் என்பதே என் கருத்து. ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற இடங்களில் கட்டப்பட்டு வரும் ஜீப்புகளைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆர்.சி.யை வாங்கிப் பார்க்காமல் அந்த அழகில் மயங்காதீர்கள்.

2021இல் வந்த வின்டேஜ் வாகன விதியையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டும்தான். நான்கு சக்கர வண்டிகளில் பயணிகள் வகைக்கு மட்டுமே இந்த விதி என்பதால், பழைய லாரிக்கோ பிக்அப்புக்கோ இது பொருந்தாது. அன்றாடம் ஓட்டுவதே ஆசை என்றால் வழக்கமான ஐந்தாண்டுப் பதிவுப் புதுப்பித்தலே போதும்.

சேசிஸை உரசிச் சுத்தம் செய்யும்போது எண் பொறித்த இடம் கிரைண்டருக்கு அடியில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டால் போதும். எண் தேய்ந்துபோனால் அதை மீட்க அலைவது ஜீப் கட்டுவதைவிடப் பெரிய வேலை.

தனியார் பட்டறையைக் கம்பெனி சர்வீஸ் சென்டர் போல நினைப்பது இன்னொரு தவறு. இங்கே பட்டறைக்காரர் ஒரு கொத்தனார் மேஸ்திரி மாதிரி. மெக்கானிக் வேலை அவருடையது. தகடு வேலை செய்யும் டிங்கர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன், லேத், சீட் தைப்பவர் எல்லாம் வெளியாட்கள். யாருக்குக் கூலியை யார் கொடுப்பது, பாகங்களை யார் வாங்குவது என்று முதலிலேயே பேசாவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் வண்டி நிற்கும். மேலும் அவருக்கு அன்றாடச் சோறு போடுவது எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வரும் வேன்களும் டாக்சிகளும்தான்; உங்கள் ஜீப் அல்ல. பள்ளி திறப்பதற்கு முன், மே மாதத்தில், பள்ளி வாகனங்கள் ஆய்வுக்கு வரிசை கட்டும். அப்போது டிங்கரும் பெயிண்டரும் கிடைப்பது அரிது. தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வடகிழக்குப் பருவமழையில் பெயிண்ட் அடித்தால் ஈரம் பட்டு வெளுத்துப்போகும். இதையெல்லாம் கணக்கில் வைத்துத் தேதி கேளுங்கள், "எப்ப முடியும்ணே?" என்று தினமும் போன் செய்வதால் ஒன்றும் நகராது.

பணத்தை மொத்தமாக முன்னால் கொடுக்காதீர்கள். அதற்காக ஒன்றுமே கொடுக்காமல் வேலையை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. சேசிஸ், இன்ஜின், பாடி, பெயிண்ட் என்று கட்டம் பிரித்து, ஒரு கட்டத்தை நேரில் பார்த்த பிறகு அடுத்ததற்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

வண்டியைக் கழற்றும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் போட்டோ, ஒவ்வொரு போல்ட் தொகுதிக்கும் ஒரு பை, பை மேல் பெயர். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார்ப்பரேட்டர், வைப்பர் மோட்டார், மீட்டர் போன்றவை காயலான் கடைக்குப் போய்விட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். சென்னைக்காரர்களுக்குப் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை இருக்கிறது. அங்கும் பொறுமையாகத் தேட வேண்டும். புதிதாக வாங்கும் ரப்பர் பைப், ஃபியூயல் பம்ப் டயஃப்ரம் எல்லாம் இப்போதைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். பழைய ரப்பர் அதில் ஊறி விரிசல் விடும்.

பெயிண்டில்தான் எல்லார் கண்ணும் போகிறது. தொட்டியின் தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் சேனல்களில் சேறு தங்கி, துரு உள்ளிருந்து தின்னும். அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்காமல் மேலே பட்டி பூசி மூடினால், ஒரே மழைக்காலத்தில் கொப்பளம் கிளம்பும். பட்டி பார்த்த பிறகு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு அல்ல. மணல் அடித்துத் துரு நீக்குவது சேசிஸுக்கு நல்லது, மெல்லிய தகட்டுக்கு ஆபத்து, நெளிந்துவிடும். அடித்த அன்றே பிரைமர் ஏறாவிட்டால் கடலோரக் காற்றில் துரு திரும்பிவிடும்.

பெயிண்ட் பட்ஜெட்டைக் குறைத்தாவது பிரேக்கில் செலவழியுங்கள். சி.ஜே.3பியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். ஒரு பைப் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தில் பிடிப்பதில்லை. இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் உள்ள டிரம்மில்தான் பிடிக்கிறது. பின் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயின்ட் உடைந்தால் அதுவும் கைவிடும். வீல் சிலிண்டர், பைப், ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள்.

டெலிவரி எடுக்கும்போது பூசை போட்டு, படமெடுத்து, பாக்கிப் பணத்தையும் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். கொஞ்சம் பிடித்துவையுங்கள். இன்ஜின் சூடாகும்வரை ஓட்டி, மேட்டில் நிறுத்தி, இரவில் விளக்குப் போட்டுப் பார்த்தால்தான் வயரிங் கோளாறும் ஆயில் கசிவும் தெரியும். ஓவர்ஹால் செய்த இன்ஜினுக்கு முதல் 500 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்ற வேண்டும். ஹெட் போல்ட், ஸ்பிரிங் யூ-போல்ட், பாடி மவுண்ட் எல்லாம் மறுபடி இறுக்க வேண்டும். அந்த வேலைக்கான கூலியும் முதல் நாள் எழுதிய தாளிலேயே இருக்கட்டும்.