விறகுப் பாய்லரின் பழக்கம் எரிவாயு பர்னருக்கு ஆகாது

திருப்பூர் சாயப்பட்டறையானாலும் பெருந்துறை துணி பதனிடும் ஆலையானாலும், பாய்லர் என்றால் விறகுதான் என்ற நிலை கொங்கு நாட்டில் நெடுங்காலம் இருந்தது. சீமைக்கருவேல விறகு, தேங்காய்த் தொட்டி, முந்திரி ஓடு என்று கிடைத்ததைப் போட்டு எரித்துப் பழகியவர்களே இன்று பல ஆலைகளில் வாயுவைக் காற்றோடு கலந்து எரிக்கும் எரிவாயு பர்னரையும் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய உழைப்பிலும் அனுபவத்திலும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் விறகு உலையில் தீ அணைந்தால் ஆவி குறையும், வேலை தடைப்படும், அவ்வளவுதான். எரிவாயு உலையிலோ தீ இல்லாமல் வாயு மட்டும் பாயும் சில வினாடிகள்தான் உயிருக்கே ஆபத்தானவை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் பழைய பழக்கத்திலேயே பர்னரை நிறுவுவதும் இயக்குவதும்தான், கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

முதலில் சொல்ல வேண்டியது ரீசெட் பட்டனைப் பற்றி. பர்னர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஊதுவிசிறி முதலில் காற்றை மட்டும் செலுத்தி, உலையில் தேங்கியிருக்கக்கூடிய வாயுவை வெளியேற்றுகிறது. சூடான புகை குழாய்களுக்குள்ளும் நீர் அவற்றைச் சுற்றியும் இருக்கும் புகைக்குழாய்ப் பாய்லரில் உள்ளிருக்கும் காற்று குறைந்தது 4 முறை முழுமையாக மாறும் அளவுக்கு இந்தச் சுத்திகரிப்பு நடக்க வேண்டும். பிறகு தீப்பொறி, பிறகு வாயு. குறிப்பிட்ட சில வினாடிகளுக்குள் தீ பற்றியதை உணர்கருவி உறுதிசெய்யாவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி வாயுவை அடைத்து லாக்-அவுட் ஆகிவிடும்; அதாவது, ரீசெட் பட்டனை அமுக்கும் வரை மீண்டும் தொடங்காது. துணி பாதியில் நிற்கிறது, மேஸ்திரி சத்தம் போடுகிறார் என்ற நெருக்கடியில் பாய்லரை இயக்கும் ஃபயர்மேன் ரீசெட்டை அமுக்குகிறார், பற்றவில்லை, மறுபடியும் அமுக்குகிறார். ஒவ்வொரு அமுக்கலும் எரியாத வாயுவை உலைக்குள் விடும் ஒரு முயற்சி என்பதை அவருக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 1 டன் ஆவி தரும் பாய்லருக்கு, முழு அளவில் எரியும்போது, மணிக்கு ஏறத்தாழ 56 கிலோ எல்.பி.ஜி. தேவைப்படும். அந்த வேகத்தில் 5 வினாடி வாயு பாய்ந்தால் ஏறத்தாழ 75 கிராம், ஆவியாக 35 லிட்டர் அளவில், உலைக்குள் போய்விடும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே எல்.பி.ஜி. தீப்பற்றும் என்பதால், அந்த 35 லிட்டர் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கன மீட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக்கப் போதுமானது. 1 டன் பாய்லர்கள் பலவற்றின் உலைக்குழாய்க் கொள்ளளவே அதைவிடக் குறைவு. நல்ல பர்னர் குறைந்த வாயுவில் தொடங்கும்படி வடிவமைக்கப்படுவதும், முன்சுத்திகரிப்பு நேரத்தைக் குறைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். லாக்-அவுட் ஆனால் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை ரீசெட் செய்யலாம். அதற்கு மேல் வாயுவின் கைவால்வை அடைத்துவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். இந்த விதியைப் பர்னரின் மின்பேனல் கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது, பல ஆயிரம் ரூபாய்க் கருவியைவிட அதிகம் காக்கும்.

ரீசெட்டுக்கு அடுத்தபடியாக அஞ்ச வேண்டியது பேனலுக்குள் இருக்கும் ஒரு துண்டு ஒயர். வாயு அழுத்தம் குறைந்தால் நிறுத்தும் சுவிட்ச், காற்று அழுத்தம் இல்லாவிட்டால் நிறுத்தும் சுவிட்ச், நீர்மட்டம் தாழ்ந்தால் நிறுத்தும் அமைப்பு ஆகிய இவற்றில் ஏதாவது ஒன்று அடிக்கடி பர்னரை நிறுத்தினால், "பைபாஸ் போட்டு ஓட்டு, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்று அது வேலை செய்யாதபடி அதன் முனைகளை ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை. உண்மையான காரணம் பெரும்பாலும் சுவிட்சில் இருக்காது. பாய்லருக்குப் போகும் வாயுக்குழாயிலிருந்தே பின்னாளில் துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்துக்கும் ஒரு கிளை எடுத்திருப்பார்கள். ஸ்டென்டரின் பர்னர்கள் ஒன்றாகத் தொடங்கும்போது, அந்தக் கூடுதல் சுமைக்குப் போதாத குழாயில் அழுத்தம் சட்டென்று இறங்கும். சுவிட்ச் தன் கடமையைச் செய்யும். குழாயின் விட்டத்தை மொத்தச் சுமைக்கும் தூரத்துக்கும் கணக்கிட்டு மாற்றுவது அல்லது பாய்லருக்குத் தனிக் குழாயும் ரெகுலேட்டரும் போடுவது மட்டுமே இதற்குத் தீர்வு.

காற்று அழுத்த சுவிட்சுக்கு நம் ஊருக்கே உரிய எதிரி ஒன்று உண்டு: பஞ்சுத் தூசி. பின்னலாடை ஆலையிலும் நூற்பாலையிலும் பர்னரின் காற்று நுழைவாயில் வலையைத் தொட்டுப் பார்த்தால், கம்பளி போர்த்தியது போல ஒரு படலம் கையோடு உரிந்து வரும். விசிறியின் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அது இறுகிப்போயிருக்கும். இயற்கை எரிவாயு 1 கன மீட்டர் எரிய ஏறத்தாழ 9.5 கன மீட்டர் காற்று வேண்டும். புரொப்பேன் என்றால் 24 கன மீட்டர். அந்தக் காற்று குறைந்தால் வாயு அரைகுறையாக எரிந்து, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உருவாகும். வாரம் ஒரு முறை வலையையும், மாதம் ஒரு முறை விசிறியையும் சுத்தம் செய்வதோடு, கூடுமானவரை பாய்லர் அறைக்கான காற்றைப் பின்னல், பிசிர்வெட்டுப் பகுதிகளின் பக்கமிருந்து எடுக்காமல் இருப்பது நல்லது.

தீயை உணரும் கருவியில் நேரும் தவறுகள் கண்ணுக்குத் தெரியாதவை. டீசல் பர்னரில் மஞ்சள் ஒளியைப் பார்க்கும் ஃபோட்டோசெல், வாயுவின் நீலத் தீயை நம்பகமாகப் பார்க்காது. அயனித் தண்டோ புற ஊதா செல்லோ வேண்டும். அயனித் தண்டு மைக்ரோஆம்பியர் அளவிலான மின்னோட்டத்தைத் தீயின் வழியே எர்த்துக்கு அனுப்பி அறிவது. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது அதன் நியூட்ரல் முறையாக எர்த் செய்யப்படாமல் இருந்தால், தீ நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே பர்னர் லாக்-அவுட் ஆகும். இதைப் பர்னரின் கோளாறு என்று எண்ணிப் பர்னரையே பிரித்துப் போடுகிறார்கள். இன்னொன்று இதைவிட முக்கியமானது. பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 24 மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது பர்னர் நின்று தொடங்கும் என்ற அடிப்படையில் வடிவமைக்கப்பட்டவை. அந்தத் தொடக்கத்தின்போதுதான் உணர்கருவி பழுதாகித் தீ இல்லாமலே "தீ உண்டு" என்று சொல்கிறதா என்பதை அவை சோதித்துக்கொள்கின்றன. சாயக்கழிவு நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்காக இரவும் பகலும் ஆவி கொடுக்கும் பாய்லரில் அப்படிப்பட்ட பெட்டியைப் பொருத்தினால் அந்தச் சோதனை வாரக்கணக்கில் நடக்காது. அங்கே தொடர் இயக்கத்துக்கென்று உள்ள, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள பிழை, வாயு எது என்பதைப் பொறுத்தது. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். சாயப்பட்டறையில் அந்தப் பள்ளம் எங்கே என்று தேட வேண்டியதில்லை: கழிவுநீர்க் கால்வாயும், கேபிள் செல்லும் வாய்க்காலும், அவை போய்ச் சேரும் தொட்டியும் இருக்கின்றன. கசிவு பாய்லர் அறையில் இருக்க, தீப்பொறி நூறடி தள்ளி ஒரு மோட்டாரில் எழலாம். ஆகவே எல்.பி.ஜி. அறையில் கால்வாய் வாயை நீர்த்தடுப்பு வைத்து மூடுவதும், சுவரின் அடியில் காற்றுத் திறப்பு விடுவதும், கசிவு உணர்கருவியைத் தரையருகே பொருத்துவதும் கட்டாயம். கோவைப் பக்கம் இப்போது வரத் தொடங்கியிருக்கும் குழாய்வழி இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. அதற்குத் திறப்பும் உணர்கருவியும் கூரையருகே வேண்டும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே பல்லடம், உடுமலைப் பக்கம் அடிக்கும் மாதங்களில், தூசி வருகிறதென்று இந்தத் திறப்புகளைத் தகரமோ தார்ப்பாயோ போட்டு அடைப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அடைப்பதற்குப் பதிலாகக் காற்று வந்து மோதாத பக்கத்துக்குத் திறப்பை மாற்றிக்கொள்ளலாம். புகைபோக்கியின் உச்சியில் காற்று இறங்கித் தீயை அலைக்கழித்தால் அதற்கு ஏற்ற மூடியும் இழுவிசைச் சீராக்கியும் இருக்கின்றன.

சிலிண்டர் வரிசை வைத்து ஓட்டுபவர்கள் மார்கழிக் குளிரில் அழுத்தம் இறங்கிச் சிலிண்டரில் பனி படியும்போது வெந்நீர் ஊற்றுவதும், படுக்க வைப்பதும் மிகவும் ஆபத்தானவை. படுத்த சிலிண்டரிலிருந்து திரவமே ரெகுலேட்டருக்குள் வந்து, ஆவியாகும்போது ஏறத்தாழ 250 மடங்கு விரியும். பர்னரில் தீ எல்லை மீறும். தேவைக்கேற்பச் சிலிண்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அல்லது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் வேப்பரைசர் வைப்பதுதான் வழி.

எல்.பி.ஜி.யிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறும்போது குழாயை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கன மீட்டருக்கு ஏறத்தாழ 22,000 கிலோ கலோரி தரும் வாயுவிலிருந்து 8,500 தரும் வாயுவுக்குப் போகிறோம். வாயுத்துளை, அழுத்தம், காற்றின் அளவு எல்லாமே மாற வேண்டும். பின்னர் குறைந்த, நடு, முழு அளவுகளில் புகைவாயுப் பகுப்பாய்வுக் கருவி வைத்து ஆக்சிஜன் 3 முதல் 4 சதவீதத்துக்குள்ளும், கார்பன் மோனாக்சைடு பத்து இலட்சத்தில் 100 பங்குக்குக் கீழும் இருக்குமாறு அமைக்க வேண்டும். தீயின் நிறத்தைப் பார்த்து மட்டும் அமைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய விறகுப் பாய்லரிலேயே பர்னரைப் பொருத்துவதாக இருந்தால், உலையின் நீள அகலம் தீயின் வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தீ, குழாய்களின் முனைகள் பொருத்தப்பட்ட தகட்டில் போய் இடித்தால் அந்த முனைகளில் வெடிப்பு விடும். இரவில் சூடு போகாமலிருக்க அடைத்து வைக்கும் புகைபோக்கித் தடுப்புத் தகடு (டேம்பர்) திறந்திருந்தால்தான் பர்னர் தொடங்கும் என்ற இன்டர்லாக் கண்டிப்பாக வேண்டும். விறகில் மெல்ல மெல்லச் சூடேறிய பாய்லரை எரிவாயுவில் எடுத்த எடுப்பிலேயே முழுத் தீயில் ஏற்றக் கூடாது. இத்தகைய மாற்றத்துக்குக் கொதிகலன்கள் இயக்ககத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2025-ஆம் ஆண்டுக் கொதிகலன்கள் சட்டம் வந்திருக்கிறது. மொத்த எல்.பி.ஜி. தொட்டி வைப்பதற்கு, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) என்ற மத்திய அரசு அமைப்பின் உரிமம் தனியாகத் தேவை.

வாயுக்குழாயில் எந்த வேலை செய்தாலும், அழுத்தம் ஏற்றி, இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி உரசிப் பார்க்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை என்பது வேதனை. பர்னருக்கு முன்னே இரண்டு பாதுகாப்பு வால்வுகள் வரிசையாக இருக்க வேண்டும் என்பதும், அறைக்கு வெளியே கையெட்டும் இடத்தில் ஒரு கைவால்வு வேண்டும் என்பதும் செலவுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாதவை. ஓடும் பர்னரின் உணர்கருவி புற ஊதா செல்லாக இருந்தால் அதை வாரம் ஒரு முறை, பயிற்சி பெற்ற ஒருவர் முன்னிலையில், வெளியே எடுத்து மறைத்துப் பாருங்கள். ஒரு வினாடிக்குள் பெட்டி வால்வுகளுக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்த எடுத்த நேரத்தையும், அன்றைய வாயு அழுத்தத்தையும், சோதித்தவர் கையொப்பத்தையும் பாய்லர் நோட்டில் பதிவு செய்யுங்கள். நேரம் கூடியிருந்தால், குறை தீர்ந்து மறுபடி சோதிக்கும் வரை அந்தப் பர்னரைத் தொடங்கக் கூடாது; அப்படி நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை இரவு ஷிப்டில் இருக்கும் ஃபயர்மேனுக்கு முதலாளி எழுத்திலேயே கொடுத்திருக்க வேண்டும்.