மூளைத்தண்டில் நரம்புப் பாதையைத் தேடுவது எப்படி? முதலில் ஊசி விழுந்த இடத்தைப் பாருங்கள்

மூளைத்தண்டில் இருக்கும் இரண்டு நரம்பணுத் திரள்களுக்கு இடையே தொடர்பு உண்டா என்பது, சும்மா வெட்டிப் பார்த்தால் தெரியாது. இழைகள் எல்லாம் பின்னிக் கிடக்கும். ஆனால் நரம்பணு தன் உடலிலிருந்து இழை நுனிக்கும், நுனியிலிருந்து உடலுக்கும் ஓயாமல் சரக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. நுனியை நோக்கிய வேகப் போக்குவரத்து நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் போகும். அந்தச் சரக்கோடு ஒரு தடங்காட்டியை, அதாவது பிறகு நிறமேற்றிப் பார்க்கக்கூடிய ஒரு பொருளை, ஊசியால் ஏற்றிவிட்டு, அது எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

எலியையே எடுத்துக்கொள்வோம். மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் இருக்கும் சாலிட்டரி திரளுக்கு நாக்கிலிருந்து சுவையும், வேகஸ் நரம்பு வழியாக இரைப்பை, இதயச் செய்திகளும் வந்து சேர்கின்றன. அங்கிருந்து, முகுளத்துக்கு மேலே உள்ள பான்ஸ் பகுதியின் பாராபிராக்கியல் திரளுக்கு இழைகள் போகின்றனவா?

முதலில் தடங்காட்டியைத் தேர்ந்தெடுங்கள். புறப்படும் இடத்தில் செலுத்தி, சேரும் இடத்தைப் பார்க்க வேண்டுமா? 10,000 டால்டன் மூலக்கூறு எடையுள்ள பயோட்டின் சேர்த்த டெக்ஸ்ட்ரான் அமைன் நல்லது. 3,000 டால்டன் வகையை வாங்கிவிடாதீர்கள், அது பின்னோக்கியும், அதாவது நுனியிலிருந்து அணு உடலுக்கும், தாராளமாகப் போகும். சேரும் இடத்திலிருந்து பின்னோக்கித் தேட காலரா நச்சின் பி துணை அலகு அல்லது ஃப்ளோரோகோல்ட்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, முழு மயக்கம், வலிநிவாரணி, பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர். இவை இல்லாமல் ஊசியைத் தொடவே கூடாது.

அடுத்தது ஊசி. மேல்மூளைக்கு, மண்டையோட்டு எலும்புகள் மேலே சந்திக்கும் பிரெக்மா புள்ளியிலிருந்து அளந்தால் போதும். முகுளம் அங்கிருந்து வெகு தொலைவு. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் குறி தப்பும். அதனால் சாலிட்டரி திரளுக்குத் தலையை முன்பக்கம் வளைத்து, பின்கழுத்துப் பக்கம் சவ்வைத் திறந்து, மூளைக்குள் திரவம் நிறைந்த குழியான நான்காம் வென்ட்ரிக்கிளின் கீழ்முனையான ஓபெக்ஸிலிருந்து அளப்பார்கள். பாராபிராக்கியல் திரளுக்குமேல் பெரிய சிரைக்குழாய் படுத்திருக்கிறது. நேராக இறக்கினால் ரத்தம் கொட்டும், எனவே ஊசியைச் சாய்த்துச் செலுத்துங்கள். அளவு சில பத்து நானோலிட்டர் போதும். செலுத்திய பிறகு ஊசியைச் சில நிமிடங்கள் அப்படியே விட்டுவைத்து, மெதுவாக எடுங்கள். அவசரப்பட்டால் ஊசி போன வழியெல்லாம் கறை ஏறிவிடும்.

டெக்ஸ்ட்ரானுக்கு ஏழு முதல் பத்து நாள் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஆழ்ந்த மயக்கத்தில், இதயம் வழியாக உப்புக் கரைசலும் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடும் செலுத்தி மூளையைப் பதப்படுத்துவார்கள். 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் மூழ்கும்வரை ஊறவைத்து, உறைய வைத்து, 40 மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்ற வேண்டும்.

சரி, இப்போது மைக்ரோஸ்கோப். எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்திருக்கிறேன்: பாராபிராக்கியலில் மணிமணியாகத் தெரிந்த இழைகளில் மயங்கி இரண்டு நாள் வரைந்தேன். ஊசி விழுந்த இடத்தைப் பிறகுதான் பார்த்தேன். தடங்காட்டி பக்கத்திலிருந்த ஏரியா போஸ்ட்ரீமா என்ற இன்னொரு பகுதிக்குள்ளும் கசிந்திருந்தது. அதுவும் பாராபிராக்கியலுக்கு இழைகளை அனுப்பும் இடம்தான்! நான் வரைந்தவை யாருடைய இழைகள்? சொல்ல வழியில்லை. ஊசி விழுந்த இடம் சுத்தமாக இல்லையென்றால், மற்ற சீவல்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த எலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதே கேள்வியை மறுபக்கத்திலிருந்தும் கேளுங்கள். வேறு எலிகளின் பாராபிராக்கியலில் காலரா துணை அலகைச் செலுத்தினால், சாலிட்டரி திரளில் அணு உடல்கள் நிறமேற வேண்டும். இங்கேயும் ஒரு பொறி உண்டு. பாராபிராக்கியல் திரளை ஒட்டியே சிறுமூளையின் மேல்தண்டு என்ற இழைக் கட்டு போகிறது, ஊசியால் காயம்பட்ட இழைகளும் தடங்காட்டியை உறிஞ்சும். சிறுமூளையின் ஆழ்திரள்களில் அணுக்கள் நிறமேறியிருந்தால், தடங்காட்டி அந்த மேல்தண்டுக்குள் கசிந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இரு பக்கமும் பொருந்தினால் பாதை உறுதி. சினாப்ஸ், அதாவது இழை நுனி அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி கொடுக்கும் சந்திப்பு, இருக்கிறது என்று சொல்ல மட்டும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். கடைசியாக, படத்தின் கீழே எந்த விலங்கு என்று எழுத மறக்காதீர்கள். எலியில் சுவைச் செய்தி பாராபிராக்கியலில் இறங்கி ஏறித்தான் மேலே போகிறது. குரங்கிலோ சாலிட்டரி திரளின் சுவை இழைகள் அங்கே நிற்காமல் நேரே மேலே உள்ள தலாமஸ் என்ற மூளைப் பகுதிக்குப் போய்விடுகின்றன.